நாங்களே செய்த மின்னும் பலகை

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் கொடியேற்ற விழா நடைபெறும். நாகூர் ஆண்டகையின் நினைவாக நடக்கும் அந்த நாட்களில் கடற்கரைப் பக்கம் முழுவதும் வண்ண விளக்குகள் மின்னும். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார்கள். அந்த வெளிச்சத்தை விட்டுச் சில ஒழுங்கைகள் தள்ளிப் போனால், மஃரிபுக்குப் பிறகு ஆள் முகம் தெரியாத ஓர் இடம் வரும். அங்கேதான் எங்கள் மாதர் குழுவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் தையல் வேலை செய்து வருகிறார். குழுவில் எல்லோரும் அவரை ராத்தா என்றே அழைப்பதால் நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

ராத்தாவின் கணவர் தையல்காரர். திருமணத்துக்குப் பிறகு அவரிடமே ராத்தா வெட்டவும் தைக்கவும் பழகினார். 2004 டிசம்பர் 26 இல் வந்த கடல், வீட்டோடு சேர்த்துத் தையல் இயந்திரங்களையும் கொண்டு போனது. ஒருவாறு மீண்டும் தொழிலைத் தொடங்கியிருந்த வேளையில், 2006 ஆம் ஆண்டு துணி எடுக்கப் போன கணவர் திரும்பி வரவில்லை. அப்போது மகள் கைக்குழந்தை. அவர் எழுதுவித்த பெயர்ப்பலகை மட்டும் இன்றும் வாசல் மதிலில் இருக்கிறது. பச்சை நிறப் பின்னணியில் அவருடைய பெயரும், பக்கத்தில் 'டெயிலர்' என்ற சொல்லும் மங்கிப்போய்த் தெரியும்.

அபாயா, சல்வார், பாடசாலைச் சீருடை என்று ராத்தா தைக்காத உடுப்பு இல்லை. ஆனால் பிரதான வீதியில் ஆயத்த ஆடைக் கடைகள் பெருகிய பின்னர் வேலை குறைந்துவிட்டது. புதிதாகத் தேடி வருபவர்களுக்கு வீடு பிடிபடுவதில்லை. பெண்கள் துணி கொண்டு வருவது பெரும்பாலும் பின்னேரத்தில்தான். அந்த நேரத்தில் மங்கிய பலகை யார் கண்ணுக்குத் தெரியும்?

"உம்மா, நமக்கும் மினுங்குற போர்ட் ஒண்டு வெச்சா என்ன?" என்று மகள்தான் முதலில் கேட்டிருக்கிறாள். ராத்தாவும் நகரத்தில் விலை விசாரித்தார். சொன்ன தொகை அவருடைய ஒரு மாத வருமானத்தை விடக் கூடுதலாக இருந்தது. மாதாந்தக் கூட்டத்தில் இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது, நான் யோசியாமல் ஒரு வார்த்தை விட்டுவிட்டேன்: "நாங்களே செய்து பார்ப்போமே!"

சமூகவியல் படித்த எனக்கு அதுவரை மின்சாரத்தைப் பற்றித் தெரிந்தது, குமிழ் எரியாவிட்டால் மாற்றுவது மட்டும்தான்.

கற்றுத் தந்தவர்

முதலில் ராத்தாவின் மகளுடைய சாதாரண தரப் பரீட்சை விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். அதில் இலத்திரனியல் பாடம் இருந்தது. நாங்கள் எல்.ஈ.டி. என்று சொல்லும் சிறு விளக்குக்கு அதில் ஒளிகாலும் இருவாயி என்று பெயர். படம் விளங்கியது, அதைக் கையால் எப்படிச் செய்வது என்பது விளங்கவில்லை. ஆகவே நகரத்தில் வானொலி திருத்தும் ஒரு காக்காவிடம் போனோம். வயதானவர், ராத்தாவின் கணவரை அறிந்தவர். விடயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"செஞ்சு தர மாட்டன் மகள். பக்கத்துல இருந்து சொல்லித் தாறன். செய்யிறது நீங்கதான்."

அந்த நிபந்தனை அன்று எனக்குச் சற்றுக் கடுமையாகத்தான் பட்டது. வெள்ளிக்கிழமை தவிர்ந்த நான்கு பின்னேரங்கள் அவருடைய கடை மேசையில் இருந்து பழகினோம். மகளும் கூடவே வந்தாள்.

சின்ன விளக்கின் சுபாவம்

முதல் நாளே நான் ஒரு விளக்கைக் கொன்றேன். 12 வோல்ற் மின்கலத்தில் அதை நேரடியாகத் தொடுத்தேன். ஒரு கணம் பளிச்சென்று எரிந்து கருகிவிட்டது. காக்கா ஒன்றும் சொல்லாமல் இன்னொன்றை எடுத்துத் தந்தார். அதன் சுபாவத்தை அப்புறம்தான் விளக்கினார்.

எல்.ஈ.டி. விளக்குக்கு இரண்டு கால்கள் உண்டு. நீளமானது நேர்க் கால். குட்டையானது மறைக் கால். மறைக் கால் இருக்கும் பக்கத்தில் விளக்கின் விளிம்பு தட்டையாக இருக்கும். மாறித் தொடுத்தால் எரியாது. சிவப்பு விளக்குக்கு ஏறத்தாழ 2 வோல்ற் போதும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ற்றுக்குச் சற்று மேலே வேண்டும். சாதாரண சிறு விளக்கு ஒன்று 20 மில்லி அம்பியர் வரைதான் தாங்கும். எவ்வளவு தந்தாலும் குடித்துக்கொண்டே போய்த் தன்னை அழித்துக்கொள்வது அதன் குணம். அதனால் அதற்கு முன்னால் எப்போதும் ஒரு தடையி இருக்க வேண்டும்.

கணக்கு மிகவும் இலகுவானது. நான்கு சிவப்பு விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 8 வோல்ற் செலவாகும். 12 இல் 8 போக மீதி 4. அந்த 4 வோல்ற்றை 330 ஓம் தடையி தாங்கிக்கொண்டால், ஏறத்தாழ 12 மில்லி அம்பியர் மட்டுமே ஓடும். விளக்கு நன்றாக எரியும். நீண்ட காலம் உழைக்கும்.

தடையியின் அளவை எழுத்தில் போடுவதில்லை; நிற வளையங்களால் காட்டுவார்கள். 330 ஓம் என்றால் செம்மஞ்சள், செம்மஞ்சள், கபிலம். எனக்கு இது மனதில் நிற்கவே இல்லை. ராத்தாவோ வீட்டிலிருந்து நூல் கட்டைகளைக் கொண்டு வந்து, கறுப்பு பூச்சியம், கபிலம் ஒன்று, சிவப்பு இரண்டு, செம்மஞ்சள் மூன்று என்று மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டார். இரண்டே நாளில் அவர் என்னைத் திருத்தத் தொடங்கினார். 680 ஓம் தடையிக்கும் 68 ஆயிரம் ஓம் தடையிக்கும் முதல் இரண்டு நிறங்களும் ஒன்றே: நீலம், சாம்பல். மூன்றாம் நிறம் மட்டும் கபிலமா செம்மஞ்சளா என்று பார்க்க வேண்டும். தவறினால் நூறு மடங்கு வித்தியாசம். "கரு நீல நூலையும் கறுப்பு நூலையும் ராவில பிரிச்சு எடுக்கிற கண்ணு இது" என்று ராத்தா சிரித்தார்.

எந்தச் சொல் மின்ன வேண்டும்?

பலகையில் என்ன எழுதுவது என்று வந்தபோது நான் ஒரு பிழை விட்டேன். மதிலில் இருக்கும் பழைய பலகையை நினைத்துக்கொண்டு, "உங்கள் கணவருடைய பெயரையே விளக்கில் போடுவோம், ஊர் அறிந்த பெயர்தானே" என்றேன். அளவு கூடக் கணக்கிட்டு வைத்திருந்தேன். ராத்தா அன்று பதில் சொல்லவில்லை. வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த நாள் அவரே வந்தார்.

"அவர்ர பேர் எரிஞ்சி எரிஞ்சி அணையிறத என்னால பாக்க ஏலாது புள்ள. அது எழுதின மாதிரியே மதில்ல இருக்கட்டும். தையல் எண்டு மட்டும் மினுங்கட்டும். அது என்ட கையில இருக்கு."

எனக்குப் பேச்சு வரவில்லை. காணாமற்போனவர்களின் குடும்பங்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத எத்தனையோ பெண்களின் கதைகளைக் கேட்டிருக்கிறேன். இருந்தும், விட்டு விட்டு எரியும் ஒரு பெயர் ஒரு மனைவிக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை. நன்மை செய்யப் போகும் நாங்கள் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்பதை அன்று மீண்டும் படித்துக்கொண்டேன்.

தைத்த கையும் ஈயம் வைத்த கையும்

'தையல்' என்ற சொல்லை ராத்தா காகிதத்தில் எழுதி, துணியில் பூ வேலைக்குக் கோலம் இறக்குவது போலப் பலகையில் இறக்கினார். இரண்டு அடி நீளமான மெல்லிய ஒட்டுப்பலகைக்குக் கறுப்பு நிறம் பூசியிருந்தோம். எழுத்துகளின் வழியே ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு ஒன்றாகச் சோக்கினால் புள்ளி வைத்து, 5 மில்லிமீற்றர் ஊசியால் துளைத்தோம். மொத்தம் 96 துளைகள். நான்கு நான்காகப் பிரித்தால் 24 தொகுதிகள், 24 தடையிகள்.

விளக்குகளை முன்பக்கத்தால் செருகி, பின்பக்கத்தில் கால்களை இணைக்க வேண்டும். ஒரு விளக்கின் குட்டைக் காலும் அடுத்ததன் நீளக் காலும் சேர வேண்டும். சேரும் இடத்தில் ஈயம் உருக்கி வைப்பதுதான் சோல்டரிங். இதற்கு 25 வாற்று சோல்டரிங் கம்பி போதும். முதலில் இணைப்பைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானாக உருகி ஓட விட வேண்டும். கம்பியில் ஈயத்தை உருக்கி இணைப்பில் சொட்டினால் அது ஒட்டாது. மேலே உருண்டையாக இருக்கும். சரியான இணைப்பு பளபளப்பாகவும் கூம்பு போலவும் தெரியும். பிழையான இணைப்பு மங்கலாக இருக்கும்.

என் இணைப்புகள் பாதி மங்கலாகத்தான் வந்தன. ராத்தாவின் கை நடுங்கவில்லை. பொத்தான் துளைக்கு நூல் போடும் அதே அளவான பொறுமையோடு ஒவ்வொரு காலையும் பிடித்து முடித்தார். ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் மின்கலத்தில் தொட்டுப் பார்த்துவிட்டே அடுத்ததைத் தொடங்கினார். "கை தச்சதும் ஒருக்கா உடுத்திப் பாக்கிறது போல" என்றார்.

சகோதரிகளே, இந்த வேலையில் சில கவனங்கள் அவசியம். சோல்டரிங் கம்பி 230 வோல்ற் மின்சாரத்தில் வேலை செய்வது. அதன் வயரும் பிளக்கும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். நுனி தொட்டால் தோல் வெந்துவிடும். அதற்கென ஒரு தாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காற்றோட்டமான இடத்தில் இருங்கள். புகையைச் சுவாசிக்க வேண்டாம். ஈயம் உடலுக்கு நஞ்சு. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பின்னரே பிள்ளைக்குச் சோறு ஊட்டுங்கள். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அந்த மேசைக்குக் கிட்ட வரக்கூடாது. பலகை 12 வோல்ற் மின்கலத்தில் இயங்குவதால் தொட்டாலும் மின் அதிர்ச்சி ஏற்படாது. ஆனால் மின்கலத்தின் இரு முனைகளும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால் வயர் சூடேறித் தீப்பிடிக்கும். அதனால் நேர் முனைக்கு அருகில் 1 அம்பியர் உருகி ஒன்றை நாங்கள் பொருத்தினோம்.

குடம் நிறைவதும் வெறுமையாவதும்

விளக்கு எரிவது சரி. அது விட்டு விட்டு எரிவது எப்படி? வெசாக் காலத்துத் தோரணங்களில் முன்பு செப்புத் தகடு பதித்த உருளை ஒன்றைச் சுழல விடுவார்கள். தகடு தொடும் நேரம் விளக்கு எரியும். விலகும் நேரம் அணையும். இன்று அந்த வேலையை நகம் அளவான ஒரு சிறு துண்டு செய்கிறது. அதன் பெயர் 555. ஹான்ஸ் காமன்சின்ட் என்ற பொறியியலாளர் 1971 இல் வடிவமைத்து, 1972 இல் விற்பனைக்கு வந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் தொடக்கநிலையில் பழகுபவர்களின் கைக்கு முதலில் வருவது இதுதான்.

இது வேலை செய்யும் விதத்தைக் காக்கா எங்களுக்குக் குடத்தை வைத்து விளக்கினார். பைப்படியில் ஒரு குடம் இருக்கிறது. தண்ணீர் மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும் ஒருவர் பார்த்து அடியில் திறந்து விடுகிறார். மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மூடிவிடுகிறார். மறுபடியும் நிறைகிறது. நிறையும் நேரம் விளக்கு எரியும். இறங்கும் நேரம் அணையும். அந்தக் குடம்தான் கொள்ளளவி. பைப்பை எவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறோம் என்பதுதான் தடையி. பார்த்துத் திறந்து மூடும் ஆள்தான் 555.

எங்கள் பலகைக்கு 10 மைக்ரோ பரட் கொள்ளளவி ஒன்றும், 10 ஆயிரம் ஓம், 68 ஆயிரம் ஓம் தடையிகள் இரண்டும் பாவித்தோம். இதனால் அரை விநாடி எரிந்து அரை விநாடி அணையும். இதைவிட வேகமாக மின்ன வைக்க வேண்டாம். விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னும் வெளிச்சம், வலிப்பு நோய் உள்ள சிலருக்கு வலிப்பைத் தூண்டக் கூடும்.

555 துண்டுக்கு எட்டுக் கால்கள். அதன் மேலே உள்ள பள்ளம் மேற்பக்கம் இருக்கப் பிடித்தால், இடது மேல் மூலையில் இருப்பது முதலாம் கால். அங்கிருந்து கீழே இறங்கி வலப்பக்கமாக ஏறி எண்ண வேண்டும்.

1 ஆம் கால் மின்கலத்தின் மறை முனைக்கு.
8 ஆம், 4 ஆம் கால்கள் நேர் முனைக்கு.
2 ஆம், 6 ஆம் கால்களை ஒன்றாக இணைக்க வேண்டும்.
8 இற்கும் 7 இற்கும் நடுவில் 10 ஆயிரம் ஓம். 7 இற்கும் 6 இற்கும் நடுவில் 68 ஆயிரம் ஓம்.
2 ஆம் காலிலிருந்து மறை முனைக்குக் கொள்ளளவி. அதன் மறைக் கோடு போட்ட பக்கம் மறை முனைப் பக்கம் இருக்க வேண்டும்.
5 ஆம் காலிலிருந்து மறை முனைக்கு 0.01 மைக்ரோ பரட் சிறு கொள்ளளவி.
3 ஆம் கால்தான் கட்டளை இடும் கால்.

96 விளக்குகளும் சேர்ந்து ஏறத்தாழ 0.3 அம்பியர் கேட்கும். 555 துண்டு அதிகபட்சம் 0.2 அம்பியர்தான் தரும். ஆகவே பாரத்தைச் சுமக்க பிடி 139 என்ற திரான்சிற்றரைத் துணைக்கு வைத்தோம். 3 ஆம் காலிலிருந்து 680 ஓம் தடையி வழியாக அதன் அடிவாய்க்கு ஓர் இணைப்பு. 24 தொகுதிகளின் மறைப் பக்கமும் ஒன்றாகச் சேர்ந்து அதன் சேகரிப்பானுக்கு. அதன் காலி மின்கலத்தின் மறை முனைக்கு. இந்த மூன்று கால்களும் எது எது என்று வாங்கும் இடத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எரிந்தது, ஆனால் மின்னவில்லை

நான்காம் பின்னேரம் எல்லாம் முடிந்தது. மகள் ஆளியைப் போட்டாள். 'தையல்' என்று முழுச் சொல்லும் சிவப்பாக எரிந்தது. நாங்கள் கைதட்டினோம். ஆனால் அணையவில்லை. எரிந்தது எரிந்தபடியே இருந்தது.

நான் காக்காவைப் பார்த்தேன். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், எழும்பவில்லை. "ஆரு செஞ்சதோ அவங்களே தேடட்டும்" என்றார்.

ராத்தா உடனே பலகையைத் திருப்பினார். "தச்ச உடுப்பு சரியில்லாட்டி உள்பக்கத்தத்தான் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வோர் இணைப்பாக விரலால் தொட்டு வந்தார். 2 ஆம் காலையும் 6 ஆம் காலையும் சேர்க்கும் வயரில் ஈயம் மங்கலாக, உருண்டையாக இருந்தது. நான் வைத்த இணைப்பு அது. ஒட்டியது போலத் தெரிந்தாலும் ஒட்டவில்லை. அதனால் குடத்துக்குத் தண்ணீரே போகவில்லை. குடம் வெறுமையாகவே இருந்தபடியால், இன்னும் நிறையவில்லை என்று 555 காத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

ராத்தா கம்பியைச் சூடாக்கி அந்த ஓர் இணைப்பை மறுபடி வைத்தார். பலகை மின்னத் தொடங்கியது. எரிந்து, அணைந்து, எரிந்து. அவர் கைதட்டவில்லை. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்கு வேற ஆருட்டயும் போகத் தேவையில்ல இனி" என்றார்.

அந்த வார்த்தையின் பாரம் எங்கள் வாசகிகளுக்கு விளங்கும். ஆண் துணை இல்லாத வீட்டில் ஒரு ஃபியூஸ் போனாலும் யாரையாவது கெஞ்ச வேண்டும். வந்தவர் போன பிறகு ஊர் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். பழுதைத் தானே கண்டுபிடிக்கத் தெரிந்த பெண்ணுக்கு அந்தச் சங்கடத்தில் ஒரு பங்காவது குறைகிறது.

ஊர்ப் பேச்சு

பலகையை எங்கே வைப்பது என்பதில் நாங்கள் மூன்று நாட்கள் பேசினோம். தனியாக இருக்கும் பெண்ணின் வாசலில் இரவில் மின்னும் விளக்கு என்றால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். "பொம்புளக்கு என்னத்துக்கு இந்த வேல?" என்று பக்கத்து வீட்டில் ஏற்கெனவே ஒருவர் கேட்டிருந்தார். ராத்தாவே முடிவு எடுத்தார். ஒழுங்கை முகப்பில் உள்ள பலசரக்குக் கடைக்காரரிடம் அனுமதி கேட்டு அவருடைய சுவரில் பலகையை மாட்டினோம். அருகில் வீட்டுப் பக்கம் காட்டும் ஓர் அம்புக்குறியை நிறத்தால் வரைந்தோம். மாலை 6 மணிக்குப் போடுவது, 8.30 மணிக்கு அணைப்பது. இதை அக்கம்பக்கத்துப் பெண்களிடமும் சொல்லி வைத்தோம். பேச்சு முற்றாக நின்றுவிடவில்லை. ஆனால் கேள்வி கேட்ட அதே வீட்டிலிருந்து மறுமாதமே பாடசாலைச் சீருடை தைக்கத் துணி வந்தது.

பாவித்தது 12 வோல்ற், 7 அம்பியர் மணி மின்கலம். ஓர் இரவுக்கு அரை அம்பியர் மணி கூடச் செலவாவதில்லை. மின்கலத்தைப் பாதிக்கு மேல் இறக்காமல் வைத்துக்கொண்டாலும் ஒரு வாரம் ஓடும். 2022 இல் நாட்டில் சில நாட்கள் 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டதை நாம் மறக்கவில்லை. அப்படி ஒரு காலம் திரும்ப வந்தாலும் இந்தச் சொல் எரியும். வசதி வந்தால் 10 வாற்று சூரியத் தகடு ஒன்றைச் சிறிய கட்டுப்படுத்தியோடு பொருத்திவிடலாம்.

எமது கரையோரத்தில் மழையை விட உப்புக்காற்றே பெரிய எதிரி. செப்பு வயர் சில மாதங்களிலேயே பச்சை பூத்துவிடும். எல்லா இணைப்புகளையும் சோதித்த பின்னர், பின்பக்கம் முழுவதும் நிறமற்ற வார்னிஷ் பூசினோம். மாரி மழை தொடங்க முன்னர் ஓரங்களைச் சிலிக்கன் பசையால் அடைத்தோம். 555 இருக்கும் சிறு பெட்டியைக் கூரையின் கீழ் வைத்தோம்.

இது பெண்களுக்குப் புதிய வேலையா?

இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில் திலோனியா என்றொரு கிராமம் உண்டு. பங்கர் ரோய் என்பவர் 1972 இல் அங்கே தொடங்கிய நிறுவனம் இன்று வெறுங்கால் கல்லூரி என்று அறியப்படுகிறது. எழுத்து வாசனை இல்லாத கிராமத்துப் பெண்களை, பாட்டிமாரைக் கூட, ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் இருந்து அழைத்து ஆறு மாதங்களில் சூரிய விளக்குகளைச் செய்யவும் திருத்தவும் அங்கே பழக்கினார்கள். ஒருவருடைய மொழி மற்றவருக்குத் தெரியாது. நிறங்களையும் சைகைகளையும் கொண்டே பாடம் நடந்தது. ராத்தாவின் நூல் கட்டைகளைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. 1969 இல் மனிதரைச் சந்திரனில் இறக்கிய அப்பலோ விண்கலத்தின் கணினிக்கு, அதன் கட்டளைகளைத் தாங்கிய நினைவகம் கையால்தான் நெய்யப்பட்டது. அமெரிக்காவின் வோல்தம் நகரத் தொழிற்சாலையில் பெண்கள் இருந்து, மெல்லிய செப்புக் கம்பியை ஊசியால் சிறு வளையங்களுக்கு உள்ளேயும் வெளியேயும் கோத்தார்கள். உள்ளே போனால் ஒன்று. வெளியே போனால் பூச்சியம். நெசவாலைகளிலும் கடிகாரத் தொழிற்சாலையிலும் வேலை செய்து பழகிய கைகளை அதற்கெனத் தேடி எடுத்தார்கள். எமது மருதமுனையில் கைத்தறி ஓசை கேட்டு வளர்ந்த சகோதரிகள் இதைக் கேட்டு வியக்க மாட்டார்கள். அறுந்த இழையைப் பாவிலே தேடிப் பிடித்து முடிச்சிடும் கண்ணுக்கு, அறுந்த வயரைத் தேடுவது பெரிய காரியமல்ல.

மின்சார வேலை ஆண்களுடையது என்று சொல்லிச் சொல்லியே எமக்குள் ஒரு பயத்தை வளர்த்து வைத்திருக்கிறோம். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இலேயே அறிமுகமாகிவிட்டது. பெண் பிள்ளைகள் அதில் சேர ஆசைப்பட்டால், 'அது ஆம்பிளப் பிள்ளைகளுக்கு' என்று தாய்மாரே தடுக்காமல் இருக்க வேண்டும்.

அடுத்த பலகை

ராத்தாவுக்குச் செலவானது, நகரத்தில் கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றுக் கூடுதல். அதிலும் பெரும்பகுதி மின்கலத்துக்கே போனது. வேலை பெருகி அவர் செல்வந்தர் ஆகிவிட்டார் என்று எழுத மாட்டேன். பலகையைப் பார்த்து வந்ததாகச் சொல்லும் புதியவர்கள் மாதத்தில் சிலர் வருகிறார்கள். பெருநாள் காலத்தில் உதவிக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்கிறார். மதிலில் இருக்கும் பழைய பச்சைப் பலகை அப்படியே இருக்கிறது. சென்ற ரமழானுக்கு முன்னர் அதன் எழுத்துகளுக்கு மகள் நிறம் பூசிவிட்டிருக்கிறாள்.

பலகை மாட்டி இரண்டு மாதம் சென்றிருக்கும். குழுக் கூட்டத்துக்குப் பாண்டிருப்பில் இருந்து வரும் ஓர் அக்கா, ராத்தாவிடம் தயங்கித் தயங்கிப் பேசினார். அவரும் போரில் கணவரை இழந்தவர். வீட்டு வாசலில் பின்னேரங்களில் இடியப்பம் அவித்து விற்கிறார்.

"ராத்தா, இடியப்பம் எண்டு மினுங்கிற மாதிரி எனக்கும் ஒண்டு செஞ்சு தருவீங்களா? காசு தாறன்."

ராத்தா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவருக்குச் சொன்னார்:

"செஞ்சு தர மாட்டன் தங்கச்சி. பக்கத்துல இருந்து சொல்லித் தாறன். நாளைக்கு அஸருக்குப் பிறகு வாங்க. வரக்குள்ள வீட்டுல இருக்கிற நூல் கட்டையெல்லாம் எடுத்துட்டு வாங்க."